மாட்டுங்காவில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனது

அடுத்த மாதம் மும்பை போகிறோம், மாட்டுங்காவில் எதையெல்லாம் பார்க்கலாம் என்று இங்கே இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நான் பார்த்தது 1966 மே மாதத்து மாட்டுங்கா. தெருக்கள் அப்படியேதான் இருக்கின்றன என்று போய்வந்தவர்கள் சொல்வதால் தைரியமாக எழுதுகிறேன். அன்றைய டைரி கையில் இருக்கிறது. காசும் நேரமும் அதில் உள்ளபடி.

போன காரணம் என் தங்கை செல்வி. அவளுக்கு பம்பாயில் ஒரு வரன் வந்தது. பையன் பெயர் சண்முகவேல், எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட், மாட்டுங்காவில் வீடு என்று தரகர் சொன்னார். அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு, அவ்வளவு தூரம் ரயிலில் உட்கார முடியாது. நான் டீச்சர், கோடை லீவு. ஊர் சுற்றிப் பார்க்கிற சாக்கில் வீட்டைப் பார்த்துவிட்டு எழுது என்று என்னையும் என் வீட்டுக்காரரையும் அனுப்பினார். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க ஒரு பெண்பிள்ளையை அனுப்புவதா என்று பெரியப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்கோ பெருமை பிடிபடவில்லை.

திருநெல்வேலியிலிருந்து மெட்ராஸ் ஒரு ராத்திரி. அங்கிருந்து தாதர் ஏறக்குறைய முப்பது மணி நேரம். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு 32 ரூபாய். குண்டக்கல் தாண்டியதும் ஜன்னல் கம்பியைத் தொட முடியாத வெயில். செம்பூரில் என் வீட்டுக்காரரின் சிநேகிதர் வீட்டில் தங்கினோம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு சிவப்பு பஸ் ஏறி, 35 நிமிஷத்தில் கிங்ஸ் சர்க்கிளில் இறங்கினோம். டிக்கெட் 25 பைசா. சண்முகவேல் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நின்றிருந்தார். ஒல்லி. என்னைக் கண்டதும் "வாங்க அக்கா" என்று பையை வாங்கிக்கொண்டார்.

முதலில் கிங்ஸ் சர்க்கிள். நடுவில் வட்டமாக ஒரு பூங்கா, அதைச் சுற்றி வளைந்து நிற்கும் மூன்று மாடிக் கட்டிடங்கள், கீழே வரிசையாகக் கடைகள். வெண்ணெய் நிறத்திலும் வெளிர் பச்சையிலும் உருண்டையான பால்கனிகள். ஒரு சுற்று சுற்றிவர ஏழு நிமிஷம் பிடித்தது. எல்லாத் தெருவும் வட்டத்தில் வந்து முட்டுவதால், எந்த வழியாக வந்தோம் என்பது உடனே மறந்துவிடும். ஒரு கடைப் பலகையை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மார்க்கெட் தெரு. முருங்கைக்காய், சேப்பங்கிழங்கு, வாழைப்பூ, கும்பகோணம் வெற்றிலை என்று எல்லாம் கிடைக்கிறது. கோயில் வாசலில் மல்லிகைப்பூ விற்கிறவள் தமிழில் விலை சொல்லி மராத்தியில் சண்டை போட்டாள். இரண்டு முழம் வாங்கினேன். பெஞ்சும் பளிங்கு மேஜையும் போட்ட ஓட்டலில் இட்லி, வடை, காபி, மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டே கால் ரூபாய். என் வீட்டுக்காரர் இரண்டாவது காபி கேட்டார். அவருக்குத் தாஜ்மகாலைக் காட்டினாலும் பக்கத்தில் காபி எங்கே என்றுதான் கேட்பார்.

அங்கிருந்து ஐந்து தோட்டம் என்கிற இடத்துக்குப் பத்து நிமிஷ நடை. ஐந்து சின்னப் பூங்காக்கள், இரண்டு பக்கமும் மரம் கவிந்த சாலைகள், பார்சிக்காரர்களின் அமைதியான வீடுகள். பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. திரும்பும் வழியில் ஒரு தெருவில் சண்முகவேல் நின்று, இரண்டாம் மாடிப் பால்கனி ஒன்றைக் காட்டி, அங்கேதான் இருப்பதாகச் சொன்னார். சாவி சிநேகிதனிடம் இருக்கிறதாம், சாயந்திரம்தான் வருவானாம். பச்சைக் கம்பி போட்ட அழகான பால்கனி. செல்வி அங்கே நின்று தலை துவட்டுவதுபோல் நினைத்துப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

இனிமேல் சொல்லப்போவதைப் பயணக் கட்டுரையில் யாரும் எழுதுவதில்லை. காலை ஏழு மணிக்குச் செம்பூரில் கிளம்பத் தயாரானவள் நான். மணி பன்னிரண்டு. மூன்று டம்ளர் தண்ணீர், ஒரு காபி. ஆண்களுக்கு ஊரெல்லாம் சுவர். பெண்பிள்ளை எங்கே போவாள்? அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. வெட்கத்தை விட்டு, சாவியை எப்படியாவது வாங்கி வாருங்கள் தம்பி, ஐந்து நிமிஷம் வீட்டுக்குப் போய் வந்துவிடுகிறேன் என்றேன்.

அவர் முகம் செத்துப்போயிற்று. நடைபாதையிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா, அது என் வீடு இல்ல. தரகர் மாட்டுங்கான்னு சொல்லிட்டாரு, நானும் ஆமான்னு இருந்துட்டேன். நான் இருக்கது தாராவியில."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் கோபப்படவும் ஒரு நிதானம் வேண்டும், அப்போது அது என்னிடம் இல்லை. அவரே கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகக் கூட்டிப்போய், அங்கிருந்த அம்மாளிடம் இந்தியில் கெஞ்சிப் பெண்கள் அறையைத் திறக்க வைத்தார். திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் கிளம்பலாமா என்று செம்பூர் பக்கம் கை காட்டினார். சண்முகவேல் தலை நிமிரவில்லை.

"உங்க வீட்டைப் பார்க்கத்தானே வந்தோம். அங்கயே போவோம்" என்றேன்.

நடந்தே போனோம், முப்பத்தைந்து நிமிஷம். ரயில் பாதை தாண்டியதும் தோல் பதனிடும் வாடை வந்தது, கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. சந்து குறுகக் குறுக எங்கள் ஊர்ப் பேச்சு காதில் விழுந்தது. ஒருத்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டு "எந்தூருக்கா?" என்று கேட்டாள். அவருடைய அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. தகரக் கூரை. மூலையில் குளிக்க, பாத்திரம் கழுவ மோரி. அதைச் சுற்றி ஆள் உயரத்துக்குப் புதிதாகச் செங்கல் வைத்து மரக்கதவு போட்டிருந்தார். பக்கத்து அறைகளில் துணித் திரைதான். தெருக்குழாயில் தண்ணீர் விடிகாலை நாலு முதல் ஆறு வரை. பொதுக் கக்கூஸுக்கு நான் எண்ணிய அளவில் 140 எட்டு நடக்க வேண்டும்.

ஸ்டவ் பற்றவைத்து அவரே காபி போட்டார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். பொய்யை ஆரம்பிப்பது சுலபமாக இருந்தது, நிறுத்தத்தான் இடம் கிடைக்கவில்லை என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அறையை மறைத்ததற்கு வெட்கப்பட்டார், அறைக்காக வெட்கப்படவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், பையன் காபி நன்றாகப் போடுகிறான் என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் நற்சான்று கிடையாது.

மறுநாள் காலை செம்பூரில் உட்கார்ந்து அப்பாவுக்கு இன்லாண்ட் லெட்டர் எழுதினேன். அவர் சொன்ன பொய்யையும் எழுதினேன். அறையின் அளவு, தண்ணீர் நேரம், 140 எட்டு, மோரிக் கதவு, எதையும் விடவில்லை என்றுதான் நினைத்தேன். கடைசி வரியில் எனக்குப் பையனைப் பிடித்திருக்கிறது என்றும் எழுதினேன். அப்பா அதில் தாராவி என்ற சொல் வரைக்கும்தான் படித்தாராம். நாங்கள் ஊர் திரும்புவதற்குள் வேண்டாமென்று தரகருக்குச் சொல்லியாகிவிட்டது. அடுத்த தையில் செல்வியைக் கோவில்பட்டியில் கொடுத்தார்கள். எட்டு அறை வீடு, மச்சு, கிணறு, காரைச் சுவர். ஒரு குறையும் சொல்ல முடியாது. அவளும் சொன்னதில்லை.

மூன்று வருஷம் கழித்து என் வீட்டுக்கு வந்தவள், பட்டாணி உரித்துக்கொண்டே திடீரென்று கேட்டாள்.

"அந்த ரூம்ல ஜன்னல் இருந்துச்சாக்கா?"

எந்த ரூம் என்று நான் கேட்கவில்லை. இருந்தது, சந்துப் பக்கம் பார்த்தபடி ஒன்று, எழுத மறந்துவிட்டேன் என்றேன். அப்பா கிழித்துப் போட்ட கடிதத்தை ஒட்டவைத்துப் படித்தாளாம், எத்தனை தடவை என்று அவளுக்கே தெரியாதாம். "எனக்குச் சரின்னுதான் பட்டுச்சு. என்னை யாரும் கேக்கலயே" என்றாள். உரித்த பட்டாணியை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

சரி, போகிறவர்களுக்கு. காலை எட்டு மணிக்குள் கிங்ஸ் சர்க்கிள் போய்விடுங்கள், பன்னிரண்டுக்கு மேல் வெயில் தாங்காது. மாட்டுங்கா, மாட்டுங்கா ரோடு என்று இரண்டு தனி ஸ்டேஷன்கள், இறங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் காலையில் தண்ணீரை அளந்து குடியுங்கள். வீடு பார்க்கப் போகிறீர்களானால், அதில் இருக்கப்போகிறவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் கடிதத்தையாவது அவள் பேருக்கு எழுதுங்கள்.