குப்பிக்குள் வெங்காய வேர்

ஐம்பதுகளின் இறுதியில் நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. தாவரவியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில். தினமும் டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டிப் போய் வருவேன். வகுப்பில் முதல் இடம் எனக்குத்தான். அதை ஒருவரும் மறந்துவிடாதபடி நடந்துகொள்வேன் என்பது நண்பர்களின் புகார். புகாரில் உண்மை இருந்தது.

செய்முறைத் தேர்வன்று, நாங்களே தயாரித்த ஐந்து ஸ்லைடுகளை ரெக்கார்டு நோட்டுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நோட்டை வாங்கமாட்டார்கள். தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, செல் பிரிவதைக் காட்டும் ஸ்லைடை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தங்கையிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். கை நழுவிக் கண்ணாடி சுக்கல் சுக்கலானது.

விரிவுரையாளர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஒரு சின்ன மருந்துக் குப்பியில் ஸ்பிரிட்டும் அமிலமும் கலந்து கொடுத்தார். வெங்காயத்தின் அடிப்பாகம் தண்ணீரில் படும்படி வைத்தால் மூன்று நாளில் வேர் விடும். வேர் நுனியில்தான் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும். காலையில் நுனியை நறுக்கிக் குப்பியில் போட்டுவிட்டால், எந்தச் செல் எந்த நிலையில் இருந்ததோ அப்படியே நின்றுவிடும். மறுநாள் அதற்குச் சாயம் ஏற்றி ஸ்லைடு செய்யலாம். எனக்காகத் தேர்வன்று எட்டு மணிக்கே லேபைத் திறந்து வைப்பதாகச் சொன்னார்.

எங்கள் வீட்டுப் படியை வெங்காயம் மிதித்ததே கிடையாது. அம்மா ரொம்ப நேரம் யோசித்தாள். “படிப்புக்குன்னா சரி. ஆனா ஆத்துக்குள்ள வரப்படாது. கிணத்தடியிலேயே இருக்கட்டும். அதைத் தொட்ட கையோட எதையும் தொடாதே” என்றாள். கிணற்றடியில் வெங்காயம் ஜோராக வேர் விட்டது. தேர்வுக்கு முந்தின நாள் காலை நுனிகளை நறுக்கிக் குப்பியில் போட்டுத் தக்கையால் மூடினேன்.

மறுநாள் ஏழரை மணி பஸ்ஸில் ஏறினேன். பாலத்தில் பஸ் தூக்கித் தூக்கிப் போட்டதில் பைக்குள் தக்கை நெகிழ்ந்துவிட்டது. ஸ்பிரிட் வாடை குப்பென்று கிளம்பியது. பக்கத்தில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “காலங்கார்த்தாலயேவா?” என்றார்.

மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம் அது. மருந்துக் கடை டிஞ்சரையும் மரத்துக்குப் பூசும் வார்னிஷையும் குடித்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. என் போதாத நேரம், முன் சீட்டில் ஒரு போலீஸ்காரர். திரும்பிப் பார்த்து, “பையில என்ன தம்பி?” என்றார்.

“ஸ்பிரிட்டுங்க.”

“அதான் பஸ்ஸே மணக்குதே. எறங்குங்க.”

ஸ்டேஷனில் ஏட்டு மட்டும் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “என்ன இது, புழுவா?” என்றார். வெங்காய வேர் என்றேன். “சாராயத்துக்குத் தொட்டுக்க வெங்காயம். நல்ல ஏற்பாடுதான்” என்றார். என்னைக் கொண்டுவந்த போலீஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி எட்டே கால். பத்து மணிக்குத் தேர்வு. இன்ஸ்பெக்டர் பதினோரு மணிக்குத்தான் வருவார், அவரிடம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார் ஏட்டு. குப்பி இங்கே நின்றுவிட்டால் ஸ்லைடு இல்லை. ஸ்லைடு இல்லாவிட்டால் பரீட்சையே இல்லை. ஆனாலும் எனக்கு என் மூளைமேல் அசைக்க முடியாத நம்பிக்கை. செல் என்றால் என்ன, அது எப்படிப் பிரிகிறது என்று இங்கிலீஷில் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

“இங்கிலீஷ்ல அடிச்சா விட்டுடுவேன்னு பாக்கறீங்களா? தமிழ்ல சொல்லுங்க. நம்பற மாதிரி இருந்தா யோசிப்போம்.”

மூன்று வருடமாகப் படித்ததை ஒருநாள்கூடத் தமிழில் நினைத்துப் பார்த்ததில்லை. எதிரே ஸ்டேஷன் சுவரில் காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

“இந்தச் சுவருக்குச் செங்கல் மாதிரி, செடி கொடிக்கெல்லாம் செல்லுங்க. வெறும் கண்ணுக்குத் தெரியாது. செங்கலுக்கு உசிர் கிடையாது, இதுக்கு உண்டு. சுத்தி ஒரு சுவர், உள்ள கொழகொழன்னு ஒரு திரவம், அதுக்குள்ள ஒரு உருண்டை. உருண்டைக்குள்ள நூல் நூலா இருக்கும். செடி எப்படி வளரணுங்கற சங்கதியெல்லாம் அந்த நூல்லதான் இருக்கு. ஒரு செல் ரெண்டாப் பிரிஞ்சு பிரிஞ்சுதான் வேர் நீளுது.”

ஏட்டு குறுக்கிட்டார். “பாகப்பிரிவினையா? நூலை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டா, போகப் போகக் குறைஞ்சுதானே போகும்? முசிறியில எங்க நிலம் அப்படித்தான் போச்சு. எங்கப்பா காலத்துல வயலு, என் காலத்துல வரப்பு.”

“இல்லைங்க. பிரியறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு நூலும் தன்னைப் போலவே இன்னொண்ணை உண்டாக்கிக்கும். ஜோடி ஜோடியா நடுவுல வந்து வரிசையா நிக்கும். அப்புறம் ஜோடி பிரிஞ்சு, ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம் போகும். கடைசியில நடுவுல புதுசா ஒரு சுவர் எழும்பும். ரெண்டு பேருக்கும் முழுப் பங்கு. யாருக்கும் குறையாது.”

சொல்லி முடித்ததும் எனக்கே ஆச்சரியம். அத்தனை வருடம் மனப்பாடம் செய்ததன் அர்த்தம் அப்போதுதான் புரிந்த மாதிரி இருந்தது. போன தைரியமெல்லாம் திரும்பி வர, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

ஏட்டு குப்பியை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: “இதை நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?”

பார்த்திருக்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உண்மை வேறு. அந்த ஸ்லைடை உடைவதற்கு முன் மைக்ராஸ்கோப்பில் இரண்டு நிமிடம் பார்த்தேன், சிவப்பாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். ரெக்கார்டு நோட்டில் வகுப்பே மெச்சிய என் படம் பாடப்புத்தகத்தைப் பார்த்துக் கூர் பென்சிலால் வரைந்தது.

“இல்லைங்க” என்றேன். வெட்கமாக இருந்தது.

“பாக்காமலேயா இவ்வளவு பேச்சு? சரி, கிளம்புங்க. நானும் வரேன். உங்க வாத்தியார் குடுத்ததுதானான்னு கேக்கணும். அப்படியே நீங்க சொன்னது அதுல இருக்கான்னும் பாத்துடலாம்.”

குப்பி அவர் சட்டைப் பையில். நான் அவர் சைக்கிள் காரியரில். கல்லூரி வாசலில் நின்ற என் வகுப்புப் பையன்களின் முகங்களை இங்கே வர்ணிக்க விரும்பவில்லை.

விரிவுரையாளர் பதறிப்போய், குப்பி தான் கொடுத்ததுதான் என்று சொன்னார். அத்தோடு ஏட்டு திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மேஜை ஓரமாக நின்றார். நான் வேர் நுனியைச் சாயத்தில் போட்டுச் சூடு காட்டி, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, மைஒற்றும் தாளை மூடிக் கட்டைவிரலால் அழுத்தினேன். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் பிரியாத செல்கள். ஸ்லைடைத் துளித்துளியாக நகர்த்தினேன். இல்லை. இன்னும் நகர்த்தினேன். வெளியே பையன்கள் கூடிவிட்ட சத்தம் கேட்டது. ஒருவேளை புத்தகத்தில்தான் இருக்கிறதோ என்றுகூடத் தோன்றியது.

அப்போது ஓர் ஓரத்தில் கண்டேன். நூல்கள் இரண்டு கொத்தாக எதிரெதிரே விலகிக்கொண்டிருந்தன. புத்தகத்தில் இருந்த மாதிரி அழகாக இல்லை. சாய்ந்திருந்தது; ஒரு நூல் மட்டும் பின்தங்கி நடுவிலேயே கிடந்தது. “இருக்கு சார், இருக்கு!” என்று கத்திவிட்டேன்.

ஏட்டு ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. “பங்கு பிரிக்கிறப்பவே கையும் களவுமாப் பிடிச்சுட்டீங்களே தம்பி” என்றார். குப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு, “பரீட்சையை நல்லா எழுதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேர்வுக்குப் பத்து நிமிடம் இருந்தது. ரெக்கார்டு நோட்டைத் திறந்து, அந்த அழகான படத்தின் குறுக்கே கோடு போட்டுவிட்டு, நான் பார்த்ததைப் பக்கத்தில் வரைந்தேன். “மார்க் போயிடும்ப்பா” என்றார் விரிவுரையாளர். போகட்டும் என்றேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், படம் ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று கேட்டார். நான் பார்த்தது இப்படித்தான் இருந்தது என்று பதில் சொன்னேன். அவர் மைக்ராஸ்கோப்பில் ஒருமுறை பார்த்தார், படத்தை ஒருமுறை பார்த்தார், அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

அந்த வருடம் முதல் இடம் வேறொருவனுக்குப் போயிற்று. வருத்தம் இல்லை என்றால் அது பொய். ஆனால் அந்த நோட்டில் இருக்கும் அத்தனை படங்களிலும், இது என்னுடையது என்று கூசாமல் சொல்லிக்கொள்ள எனக்கு இன்றைக்கும் இருப்பது அந்தக் கோணல் படம் ஒன்றுதான். என்னை அதை வரைய வைத்தவரோ, செல் என்ற ஒன்று இருப்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்ட ஒரு ஏட்டு.