பொம்மைக்குக் கோத்த மணிகள்

தொண்ணூறுகளில், மயிலாப்பூரில், கல்யாணமாகி எனக்கு முதல் கொலு. அகழாய்வில் கிடைத்த, சூதுபவளம் என்கிற சிவப்புக் கல் மணிகளைத் தொல்லியல் துறையில் இருந்த என் கணவர் தனித்தனிப் பொட்டலங்களாக அலமாரியில் வைத்திருந்தார். காகிதங்களைக் குப்பையில் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே சரமாகக் கோத்து மீனாட்சி பொம்மைக்குப் போட்டேன்.

சாயங்காலம், வெற்றிலை பாக்குக்கு வந்திருந்தவர்கள் முன்னால் அவர் சரத்தைக் கத்தரித்தார்.

"எது எந்த ஆழத்துல கெடச்சதுன்னு அந்தக் காகிதத்துலதான் இருந்தது. அது இருந்தாத்தான் இந்தக் குஜராத்துக் கல்லு எந்தக் காலத்துல இங்க வந்துதுன்னு சொல்ல முடியும். இனிமே இது வெறும் பாசிமணி."

தரையில் உருண்டதை நான் பொறுக்கினேன். வேறு யாரும் குனியவில்லை.

அதன்பின் ஒவ்வொரு கொலுவிலும், வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார்: "ரெண்டாயிரம் வருஷத்து வியாபாரத்தை இவ ஒரே மத்தியானத்துல முடிச்சுட்டா."

தப்பு என்னுடையதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஆத்தில் அது வருஷா வருஷம் சுண்டலோடு விநியோகம் ஆகிறது, என் கையாலேயே.