உயிர்க்காசு

அலுமினியத் தட்டில் இருபது முகப் பகடை உருண்டு அடங்கும் அந்தக் கிணுகிணுப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று மண்டபத்தில் எங்கள் மேசையைச் சுற்றி ரூபன் இருந்தான், நஸீர் இருந்தான், சுதா இருந்தாள், நான் இருந்தேன்; அப்பா இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமைகளில் ரியூசன் முடிந்ததும் நாங்கள் நால்வரும் ரூபன் வீட்டுக் குசினி மேசையில் கூடி விளையாடிய விளையாட்டு அது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, குகைக்குள் இறங்குவதா, ராசாவிடம் பொய் சொல்வதா என்று முடிவெடுப்போம்; அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ரூபனின் அண்ணா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஆங்கில விதிப் புத்தகத்தை அகராதியோடு குந்தியிருந்து தமிழாக்கியவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால் அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. புத்தகத்தில் இல்லாத ஒரு விதியை நாங்களே சேர்த்திருந்தோம். செத்த பாத்திரத்தை எழுப்ப வேண்டுமென்றால், அதை ஆடுபவர் யாருக்கும் சொல்லாத ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த உண்மை மேசையைத் தாண்டக் கூடாது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் "உயிர்க்காசு".

என்னுடைய பாத்திரம் ஒரு சுழியோடி. கோட்டைக்குக் கீழே மூழ்கிக் கிடந்த கப்பல்களுக்குள் இரண்டு வருடமாக இறங்கி ஏறியவன், ஒரு சனிக்கிழமை பகடையில் ஒன்று விழுந்ததால் மூச்சு முட்டிச் செத்துப்போனான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"காசைக் கட்டு, எழும்புவான்," என்றான் ரூபன்.

கட்டினேன். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் என் அப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. காலையில் தேத்தண்ணிக் கடையில் பேப்பரை விரித்து, பக்கத்தில் இருப்பவர் தாளைப் புரட்டும்போது தானும் புரட்டி, "எல்லாம் பழைய கதை" என்று மடித்து வைப்பார். வீட்டுக்கு வரும் கடிதங்களைக் கதவைச் சாத்திவிட்டு நான்தான் அவருக்கு மெல்லிய குரலில் வாசிப்பேன். இதைச் சொன்னதும் சுழியோடி எழும்பினான். நஸீர் கைதட்டினான். சுதா மட்டும் என்னைப் பார்க்காமல் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் எங்கள் ஊர் மண்டபத்திலேயே இந்த விளையாட்டுக்காரர்களின் கூடல் ஒன்று நடந்தது. கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பை நிறையப் பகடைகளோடு ஆட்கள் வந்தார்கள். எங்கள் மேசையில் ரூபன் கதை சொன்னான். வெளியூர்ப் பொடியன்கள் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். கதை தொய்ந்து, அவர்கள் அடுத்த மேசையை எட்டிப் பார்க்கத் தொடங்கியபோது ரூபன் ஒரு ராசாவைக் கொண்டுவந்தான்.

"இந்த ராசா ஏட்டை விரிச்சு, மந்திரி புரட்டேக்க தானும் புரட்டி, 'எல்லாம் பழைய கதை' எண்டு மடிச்சு வைப்பார்."

"அப்ப கடைச் சிட்டையை நீட்டுவம் மச்சான், சட்டம் எண்டு கைநாட்டு வைப்பார்!" என்றான் மட்டக்களப்புப் பொடியன்.

மேசை குலுங்கியது. யாரும் என்னைச் சந்தேகிக்கக் கூடாதென்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். சுதா சிரிக்கவில்லை, என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினேன். சோற்றுப் பார்சலோடு அப்பா நின்றார்.

"சோறு ஆறுது தம்பி, சாப்பிடு," என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வாசலில் ரூபனின் சேட்டுக் கொலரைப் பிடித்தேன். "அப்பாவின்ர கதையை ஏன்ரா எடுத்தனி?"

"நான் பேர் சொன்னனானே? விடு சேட்டை. நீயும்தானே சிரிச்சனி."

அன்றோடு அவனுடன் கதைப்பதை விட்டேன். துரோகி என்று அவனைப் பல வருடம் சொல்லித் திரிந்தேன்; கடதாசியில் செத்த ஒருவனுக்காக அப்பாவை முதலில் விற்றது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இப்போது அந்த மண்டபம் கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போகிறது. ரூபன் அண்ணாவிடமே போய்விட்டான். அப்பா தேத்தண்ணிக் கடையில் பேப்பரைத் தொடுவதில்லை. போன கிழமை அவருடைய சேமலாப நிதிக் கடிதம் அலுமாரியில் இருந்தது, உறை ஏற்கனவே கிழிக்கப்பட்டு.

"ஆர் வாசிச்சது, அப்பா?"

"சந்தியில போட்டோகொப்பிக் கடைப் பிள்ளை. நல்ல பிள்ளை, வெளியில கதைக்காது."

கடிதம் ஒன்றுக்கு நூறு ரூபா.