கணவாய்மேல் போட்ட பழி

கிழக்கேகோட்டைக்கு அருகில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மீன் விற்பவர் ஸ்டெல்லா அக்கா. எங்கள் முப்பது வீடுகள்தான் அவருடைய வியாபாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் இறாலும் கணவாய் மீனும் வாங்கி, வீட்டுக்கு வந்த விருந்தினர்களுக்காகக் கான்டன் முறைச் சீன நூடுல்ஸ் செய்தேன். வேகவைத்த நூடுல்ஸை மொறுமொறுவென்று பொரித்து, அதன்மேல் கடலுணவுக் குழம்பை ஊற்ற வேண்டும். ஊற்றியதும் கெட்ட வாடை அடித்தது. விருந்தினர்கள் தட்டைத் தள்ளிவைத்தார்கள்.

அந்த அவமானத்தில், "ஸ்டெல்லா கொடுப்பது பழைய மீன், வாங்காதீர்கள்" என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். மறுநாள் யாரும் அவரிடம் வாங்கவில்லை.

நான்காம் நாள் சமையலறை அலமாரியைத் துடைக்கும்போது சிப்பி சாஸ் குப்பியைத் திறந்தேன். அதே வாடை. மூடிக்குள் பூஞ்சை. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதை இரண்டு மாதம் வெளியே வைத்திருந்தவள் நான். குழம்பில் ஊற்றும்போது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கீழே ஓடினேன். நிறைந்த மீன் பாத்திரத்துடன் அக்கா கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தப்பு எம்மேலதான். சாஸ்தான் கெட்டுப்போயிருக்கு."

"எனக்கு அறியாதா மக்ளே? காலம்பற கரையேறின கணவாயாக்கும் அது. எங்கிட்ட சொல்லி என்ன காரியம்? அவங்ககிட்ட சொல்லு" என்று மாடிகளைக் காட்டினார்.

குழுவில் "ஏதோ தவறான புரிதல்" என்று எழுதத் தொடங்கினேன். பிறகு அதை அழித்துவிட்டு, நடந்ததை அப்படியே எழுதினேன். பழியை எல்லோரும் படித்திருந்தார்கள். திருத்தத்தைப் பாதிப்பேர்கூடப் படிக்கவில்லை. அதனால் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிச் சொன்னேன்.

இன்றும் மூன்றாம் மாடியில் இரண்டு வீட்டுக்காரர்கள் அவரிடம் வாங்குவதில்லை. "எதுக்கு ரிஸ்க்?" என்கிறார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. அவர்கள் நம்பியது என்னைத்தான்.