யாருடைய ரத்தம் அது?

பாய்லர்க்காரருக்கு ஐம்பத்தாறு வயது. அதில் முப்பது வருஷம் ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி என்று உடம்பைப் பந்தாடியதில், பசி எப்போது வரும் தூக்கம் எப்போது வரும் என்பது அவருக்கே தெரியாது. ஆனால் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. கொதிக்கிற பாய்லர் பக்கத்தில் நின்று சாவகாசமாகப் பல் குத்துகிற மனுஷர். அப்பேர்ப்பட்டவரையே ஒரு துண்டுத்தாள் கலங்கடித்துவிட்டது.

கம்பெனியில் ஷிஃப்ட் ஆட்களுக்கு வருஷா வருஷம் உடம்பைப் பரிசோதிப்பார்கள். இந்தத் தடவை, ஐம்பதைத் தாண்டியவர்களில் சம்மதித்தவர்களுக்குப் புராஸ்டேட் சுரப்பிக்கும் சேர்த்து ரத்தம் எடுத்தார்கள். அவருடைய டோக்கன் எண்ணைப் போட்டு, அளவு கூடியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று தாள் வந்திருந்தது.

"அது எங்கங்க இருக்கு?" என்றாள் மனைவி.

"மூத்திரப்பைக்குக் கீழயாம். ஆம்பளைங்களுக்கு மட்டும்தானாம்."

"உங்களுக்குன்னு தனியா ஒண்ணு குடுத்தும் ஒழுங்கா வச்சுக்கத் தெரியல பாருங்க" என்று சிரித்தவள், அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சோற்றில் கை வைத்தபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. அடுத்த ஷிஃப்டில் அதே பாய்லரைப் பார்க்கிற நெட்டையனும் (அவனும் ஐம்பதைத் தாண்டியவன்தான்) அவரும் அவசரத்துக்கு வேலையை மாற்றிக்கொள்வார்கள். மேலே தெரியாமலிருக்க டோக்கனையும் மாற்றி மாட்டிக்கொள்வார்கள். நர்ஸம்மா ரத்தக் குழாயில் எழுதியதோ சட்டையில் தொங்கிய எண்ணைத்தான்.

மறுநாள் ஷிஃப்ட் மாறும்போது நெட்டையனை ஓரங்கட்டினார்.

"ஊசி குத்தின அன்னிக்கு நாம டோக்கன் மாத்தியிருந்தோமாடா?"

"அந்த வாரம் ஒருநாள் மாத்தினோம்ணே. எந்த நாளுன்னு கேட்டா? எனக்கு எல்லாக் கிழமையும் ஒண்ணுதான்."

"உனக்குத் தாள் வந்துச்சா?"

"எல்லாம் சரியா இருக்குன்னு வந்துச்சு. ஃப்ரேம் போட்டு மாட்டலாம்னு வீட்ல கேலி." சட்டென்று அவன் முகம் வெளுத்தது. "அண்ணே, அப்ப அது உங்க தாளா?"

வாயைத் திறந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகலாம். மூடிக்கொண்டால், கோளாறு இருக்கிறவன் தெரியாமலே இருந்துவிடுவான். பாய்லர்க்காரர் அவன் முழங்கையைப் பிடித்து நர்ஸம்மா அறைக்கு இழுத்துப் போனார்.

"அறிவிருக்கா ரெண்டு பேருக்கும்? இத நான் எழுதித்தான் ஆகணும்" என்று நர்ஸம்மா பொரிந்து தள்ளினாள்.

"எழுதிக்கோங்கம்மா. முதல்ல யாருதுன்னு சொல்லுங்க."

"மறுபடி எடுத்தாத்தான் தெரியும். அளவு கூடினாலே புற்றுநோய்னு ஆயிடாது, வேற காரணமும் இருக்கும். கையை நீட்டுங்க."

பஞ்சை அழுத்திக்கொண்டு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, இப்ப யாரு பயப்படணும்?"

என்னுடையதாக இருக்கக் கூடாது என்று வேண்டத் தொடங்கிய பாய்லர்க்காரர் பாதியிலேயே நிறுத்தினார். அப்படியென்றால் அது பக்கத்தில் இருக்கிறவனுடையது. வேறு எப்படி வேண்டுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை.