முப்பத்தொரு கையெழுத்து

முன்னறையில் காகிதம் புரளும் சத்தம். சர்... சர்... என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தது. அடுப்படியில் காபி டம்ளரோடு நின்றிருந்த சரசுவுக்கு ஒவ்வொரு சத்தமும் கன்னத்தில் விழுந்த அறையாக இருந்தது.

"காபியெல்லாம் பேடாம்மா, வேண்டாம், வந்து உக்காருங்க" என்று உமாதேவி குரல் கொடுத்தாள். "முப்பத்தொரு ஃபாரம். எல்லாத்துலயும் ஒரே கையெழுத்து. உங்களதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க, எழுதிக்கிட்டுப் போயிடறேன்."

உமாதேவி பள்ளிக்கூட டீச்சர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் பேசுவது தமிழ், படித்ததெல்லாம் கன்னடம். வாக்காளர் பட்டியல் வேலையையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். போன தேர்தலில் இந்தத் தெருவில் முப்பத்தொரு பேர் ஓட்டுப் போட முடியாமல் திரும்பினார்கள். 'இவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள், பெயரை நீக்குங்கள்' என்று யாரோ மனுக் கொடுத்திருந்தாராம். அந்த யாரோ, சரசுதான்.

காலையிலேயே கொழுந்தன் ரத்தினவேல் போன் செய்துவிட்டான். வார்டில் கட்சிக்காரர்களுக்கு வலதுகை அவன்.

"அண்ணி, கையெழுத்து எம்படது இல்லைன்னு ஒத்தை வார்த்தை சொல்லீருங்க. ஆரோ கள்ளக் கையெழுத்துப் போட்டாங்கன்னு கேசை மூடிருவாங்க. ஆமான்னீங்கன்னா பொய் மனுவுக்கு ஒரு வருசம் உள்ளதான். உங்க பையன் மனோஜுக்கு டிரைவர் வேலை ஆரு வாங்கிக் குடுத்ததுன்னும் ஞாபகம் வச்சுக்கங்க."

சரசு, கர்நாடக எல்லையோரக் கோபிநத்தத்துக்காரி. மூன்றாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள். பதினெட்டு வயதில் கணேசனைக் கட்டிக்கொண்டு மைசூருக்குச் சித்தாள் வேலைக்கு வந்தாள். சாரத்திலிருந்து விழுந்து கணேசன் செத்த அன்று, பிணத்தைத் தூக்குவதற்குள் மேஸ்திரி ஓடிவந்து அவள் பெருவிரலைப் பிடித்து ஒரு காகிதத்தில் உருட்டினான். நஷ்டஈடு எதுவும் வேண்டாம் என்று அவளே சொன்னதாக அந்தக் காகிதம் பிறகு பேசியது. இடுப்பில் மனோஜ், கண்ணில் கண்ணீர். அவள் பேச்சை யார் கேட்டார்கள்?

இனி செத்தாலும் கைநாட்டு வைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள். ஆனால் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போன இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டபோது, "இந்த எழுத்து எங்களுக்குப் புரியாது. கன்னடத்துல போடு, இல்லேன்னா பெருவிரல வை" என்றான் சூப்பர்வைசர். அழுதுகொண்டு வந்தவளை உட்கார வைத்து, சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் அவள் பெயரைக் கன்னடத்தில் எழுதிக் காட்டியவள் எதிர்வீட்டு மல்லம்மா, கன்னடம் படித்த கௌதள்ளிக்காரி.

"கடைசி எழுத்துக்கு வால நல்லா இழுத்து உடு புள்ள. பாக்கறவன் பயப்படோணும்!"

கோலம் போடுவது போல ஒரு வாரம் போட்டுப் போட்டுப் பழகினாள் சரசு. பெயரை வரைய வந்தது, கன்னடம் படிக்க வரவில்லை. படிப்பதற்குத்தான் மல்லம்மா இருந்தாளே!

அந்த மல்லம்மா அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போயிருந்த நாளாகப் பார்த்துத்தான் ரத்தினவேல் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தான்.

"சாக்கடைய மூடச் சொல்லி வீட்டுக்கொரு மனு, அண்ணி. வீடு வீடா அலைய நேரமில்லை, நீங்களே போட்டுருங்க. உங்க கையெழுத்து எத்தனை லட்சணமா இருக்குது!"

மயங்கிவிட்டாள், பாவி. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ போடும் கையெழுத்தை அன்று முப்பத்தொரு தடவை, ஒவ்வொரு வாலையும் ஆசை ஆசையாக இழுத்துப் போட்டாள். அதில் ஒன்று மல்லம்மாவின் பெயரை அழித்தது.

தேர்தலன்று இருவரும் சேர்ந்துதான் வரிசையில் நின்றார்கள். சரசுவின் விரலில் மை வைத்தார்கள். மல்லம்மாவை வெளியே அனுப்பினார்கள். ரத்தினவேலின் ஆள் பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தார். தெருமுனையில் பட்டாசு வெடித்தது. சாக்கடை திறந்தபடியே நாறியது.

புகார் கொடுக்கப் போன மல்லம்மா அந்த வாலைப் பார்த்தாள். யார் கை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்: "நா எங்க புள்ள போயிட்டேன்? உன்ற எதுத்தாப்புலதான இருக்கறேன்?" அதோடு பேச்சு நின்றது.

இன்று 'இல்லை' என்று சொன்னால் சரசு தப்பிக்கலாம். மல்லம்மா பொய்க்காரி ஆவாள்.

டம்ளரை வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள்.

"எம்படதுதானுங்க. முப்பத்தொண்ணும் எம்பட கைதான். சாக்கடை மனுன்னு சொல்லி எம்பட கொழுந்தன் ரத்தினவேல் வாங்கினான். அதையும் எழுதிக்கங்க."

உமாதேவியின் பேனா நின்றது. "நோடிம்மா, இங்க பாருங்க, இதுல ஆமா, இல்ல, ரெண்டே கட்டம்தான். யார் வாங்கினாங்கன்னு எழுத இடமே இல்ல."

"ஏமாத்துனவனுக்கு மட்டும் எடமில்லீங்களா?"

"ஃபாரம் நான் செஞ்சதாம்மா? கையெழுத்துப் போடுங்க."

"மொதல்ல படிச்சுக் காட்டுங்க."

உமாதேவி படித்தாள்: கையெழுத்து என்னுடையதே, நானாக விரும்பிப் போட்டேன். சரசு சிரித்துவிட்டாள். மறுபடியும் அவளுக்குப் பதிலாகக் காகிதம் பேசுகிறது!

பேனாவை வாங்கினாள். தாளைத் திருப்பிப் போட்டு, மூன்றாம் வகுப்புத் தமிழில், எழுத்துக் கூட்டி எழுதினாள். அடியில் வாலில்லாமல் 'சரசு' என்று போட்டாள்.

"அய்யோ, இது எனக்கே படிக்க வராதே! ஆபீஸ்ல யார் படிப்பா?"

"நானே படிக்கறேன், கேட்டுக்கங்க." தெருவுக்கே கேட்கும்படி சரசு படித்தாள். "ரத்தினவேல் பொய் சொல்லி வாங்கியது. படிக்காமல் போட்டது என் குற்றம். மல்லம்மா எங்கும் போகவில்லை. எதிர்வீட்டில் இருக்கிறாள்."

உமாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் தாளை முன்பக்கம் மேலே தெரியும்படிதான் காகிதக் கட்டுக்குள் செருகினாள்.

"நோட்டீஸ் வரும்மா. மேல இருக்கறவங்க இதத் திருப்பிப் பாப்பாங்களான்னு எனக்குத் தெரியாது."

சேலையைத் தூக்கிப் பிடித்துச் சாக்கடையைத் தாண்டி உமாதேவி நடந்து போனாள். எதிர்வீட்டு நிலைப்படியில் மல்லம்மா நின்றிருந்தாள்.

"அக்கா..." என்றாள் சரசு.

"காதுல உழுந்துச்சு புள்ள" என்றாள் மல்லம்மா. "போன ஓட்டு போனதுதான."

எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.