ராகுகாலம் முடிய வந்த உறை

03.03.2025 – திட்ட விண்ணப்பங்களுக்கு முதல் அறிவித்தல். ஓராண்டுச் செலவின் உச்சத் தொகை ரூபா 2,400,000.
21.03.2025, நண்பகல் 12.00 – பெட்டி மூடப்பட்டது. உறைகள் இரண்டு: ரூபா 2,385,000, ரூபா 1,940,000.
21.03.2025, பி.ப. 12.03 – மூன்றாவது உறை. தொகை தெரியாது.
27.03.2025 – இரண்டு உறைகளும் தள்ளுபடி.
01.04.2025 – இரண்டாம் அறிவித்தல். உச்சத் தொகை முன்போல.
23.04.2025, மு.ப. 9.04 – முதல் உறை, ரூபா 1,612,500. மு.ப. 10.12 – இரண்டாம் உறை, ரூபா 1,975,000.
29.04.2025 – நேர்முகம்.

இவ்வளவும் என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றன. மூன்றாவது உறையைக் கொண்டுவந்த பெண்ணைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறையை இங்கே தீர்க்கிறேன்.

அவர் பெயர் ஞானாம்பிகை. வயது நாற்பத்தாறு. யாழ்ப்பாண நகரத்தின் கரையோரக் குறிச்சி ஒன்றில் இருக்கிறார். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு போரில் ஊரே இடம்பெயர்ந்தபோது அவருடைய படிப்பு நின்றது. சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. திரும்பி வந்த பிறகும் பள்ளிக்கூடத்தில் இருந்து யாரும் அவரைத் தேடி வரவில்லை. அதைப் பற்றி அவர் மனக்குறையாகப் பேசுவதில்லை. திகதி சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார்.

குறிச்சியின் சனசமூக நிலையத்தில் ஐந்து ஆண்டுகளாக அவர் ஒரு வேலை செய்துவந்தார். பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகாத பிள்ளைகளின் பெயர்களை ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு, காலை ஆறே முக்காலுக்குச் சைக்கிளில் புறப்படுவார். வீட்டு முன்வாசலில் நின்று கூப்பிடமாட்டார். நேரே குசினிப் பக்கம் போவார். பிள்ளைக்குச் சீப்பால் தலை இழுக்க ஆள் இல்லையென்றால் இழுத்துவிடுவார். சப்பாத்து நனைந்திருந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பார். வராததன் காரணத்தைப் பிள்ளை சொன்ன சொல்லிலேயே கொப்பியில் எழுதுவார். "வலையில நண்டு கழட்டப் போனது." "ரீச்சர் ஏசினவா." "தம்பியைப் பாக்க ஆள் இல்லை."

இதற்கு அவருக்குச் சிறு கொடுப்பனவு ஒன்று வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரரிடமிருந்து வந்துகொண்டிருந்தது. கடந்த மார்கழியோடு அது நின்றது. கணவருக்குக் கால் முறிந்து இரண்டு வருடமாகக் கடலுக்குப் போக முடியாது. ஆகவே தையில் ஞானாம்பிகை கடவுச்சீட்டு எடுத்தார். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். நகரத்தில் உள்ள ஏஜென்சி கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மே பதினாறாம் திகதிக்குள் முடிவு சொல்லக் கேட்டிருந்தது. அப்போது கொப்பியில் முப்பத்தொரு பெயர்கள் இருந்தன. அவர் போனால் கொப்பியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் அறிவித்தல் வந்தது. நகரப் பிள்ளைகளை மீண்டும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் திட்டம் ஒன்றை ஓராண்டுக்கு நடத்த ஒரு சமூக அமைப்பைத் தெரிவு செய்யவேண்டும். விண்ணப்பத்தையும் செலவுத் தொகையையும் ஒட்டிய உறையில் வைத்துப் பெட்டியில் போடவேண்டும். தெரிவுக் குழுவில் மூன்று பேர். தலைவர் பார்த்தீபன், இளம் உத்தியோகத்தர். மற்றவர் ஓய்வுபெற்ற அதிபர் யோசப்பின் ரீச்சர். மூன்றாவது நான். முப்பத்தாறு வருடம் அரச கந்தோரில் பதிவேடு எழுதியவன் என்பதால் பதிவுகளுக்காக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இணுவிலில் இருந்து பஸ்ஸில் வந்து போனேன்.

மார்ச் இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை. உறைகள் போடும் பெட்டிக்குப் பக்கத்தில் காலை ஒன்பது மணியில் இருந்து இருந்தேன். பத்து மணி முப்பத்தெட்டு நிமிடத்துக்கு யன்னலுக்கு வெளியே, வீதியின் எதிர்ப்புற வேப்பமர நிழலில், ஒரு பெண்ணும் வயதான ஒருவரும் வந்து நின்றார்கள். பெண்ணின் கையில் பெரிய மண்ணிற உறை. அவர்கள் உள்ளே வரவில்லை. பதினொரு மணிக்கும் அங்கேதான் நின்றார்கள். யாரையோ எதிர்பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வயதானவர் பரமலிங்கம், சனசமூக நிலையத்தின் தலைவர். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். அன்று ஒன்பதரைக்கே வந்திருக்கவேண்டியவர்கள். நிலையத்தின் ரப்பர் முத்திரையைப் பரமலிங்கம் கோயிலில் வைத்து மறந்துவிட்டார். அதை எடுத்து, உறையின் நான்கு மூலைக்கும் சந்தனம் வைத்து, வந்து சேரப் பத்தரை தாண்டிவிட்டது. மரநிழலில் நடந்த கதையை ஞானாம்பிகை பிறகு எனக்குச் சொன்னார்.

"அண்ணை, இதைப் பெட்டியிலை போட்டிட்டு வந்து நிழலிலை நிப்பமே."

"பொறு பிள்ளை. ராகுகாலம் துடங்கீட்டுது. இப்ப கொண்டுபோய்ப் போட்டா விளங்குமே?"

"பன்னிரண்டு மணிக்குப் பெட்டியை மூடுறாங்களாம்."

"ராகுகாலமும் பன்னிரண்டுக்குத்தானே முடியுது. எல்லாம் சரியாத்தான் கிடக்கு."

"கடலுக்கு ராகுகாலம் பாத்தே போனனீங்கள்?"

"கடல் எனக்குத் தெரியும். கந்தோர் எனக்குத் தெரியாது."

உறையில் நிலையத் தலைவராகக் கையொப்பம் வைத்தவர் பரமலிங்கம். அவர் இல்லாமல் அதைக் கொடுக்க ஞானாம்பிகைக்கு மனம் வரவில்லை. கிட்டத்தட்ட ஒன்றரை மணித்தியாலம் நின்றார். பன்னிரண்டு அடித்ததும் பரமலிங்கம் வீதியைக் கடந்தார். சைக்கிள்களுக்கும் ஓட்டோக்களுக்கும் வழிவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, படியேறி வர மூன்று நிமிடம். அதற்குள் நான் பெட்டியின் வாயை ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையொப்பமும் வைத்துவிட்டேன்.

"நேரம் பன்னிரண்டு மூன்று," என்றேன்.

"உங்கடை மணிக்கூடு முந்துது, ஐயா."

"காலமை ரேடியோ நேரத்துக்குச் சரிபாத்தது."

"மூண்டு நிமிசம் ஒரு நேரமே? நான் வாசல்லைதான் நிண்டனான்."

"நிண்டதைக் கண்டனான். ஏன் வரேல்லை?"

அவர் ராகுகாலத்தைச் சொன்னார். என் வீட்டிலும் பஞ்சாங்கம் இருக்கிறது. பிந்திய உறைகளுக்கான பதிவேட்டில் 12.03 என்று எழுதி, உறையைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்து, ஞானாம்பிகையிடம் கையொப்பம் வாங்கினேன். அவர் நான் எழுதியதை வாசித்துப் பார்த்தார்.

"நேரம் சரி, ஐயா," என்றார். பிறகு பரமலிங்கத்தைப் பார்த்து, "வாங்கோ அண்ணை, பள்ளிக்கூடம் விடப்போகுது. ரெண்டு வீட்டை போகவேணும்," என்றார்.

படியிறங்கும்போது பரமலிங்கம் தன் செருப்பைப் போட மறந்தார். ஞானாம்பிகை திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு போனார்.

மீதி இரண்டு உறைகளையும் திங்களன்று திறந்தோம். இரண்டாவதைத் தந்த அமைப்புக்கு நகரத்தில் ஒரு ஊழியர்கூட இல்லை என்று அவர்களே எழுதியிருந்தார்கள். முதலாவது பெரிய நிறுவனம். வழுவழுப்பான தாளில் நிறப்படங்களோடு அறிக்கை. விண்ணப்பிப்போர் தாங்கள் கவனித்துவரும் பிள்ளைகளின் மாசி (பெப்ரவரி) மாத வரவை இணைக்கவேண்டும் என்பது நிபந்தனை. அவர்கள் நாற்பது பிள்ளைகளின் வரவை அட்டவணையாக இணைத்திருந்தார்கள். நாற்பது பேரும் ஒரு நாள் தவறாமல் வந்திருந்தார்கள். பார்த்தீபனுக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது.

நான் அட்டவணையை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, விதி இடம் தராது. இரண்டு நாள் கந்தோரிலேயே இருந்து, நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். வியாழக்கிழமை கூட்டத்தில் யோசப்பின் ரீச்சரிடம் கேட்டேன்.

"ரீச்சர், மாசி இருபத்தாறு பள்ளிக்கூடம் நடந்ததோ?"

"சிவராத்திரிக்கு ஆர் பள்ளிக்கூடம் வைக்கிறது? நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவள், எனக்கே தெரியும்."

"இந்த நாப்பது பிள்ளையளும் வந்திருக்கினம்."

ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கோயிலுக்குப் போனதையும் சேத்து எழுதிப்போட்டினம் போலை."

"மாசி பன்னிரண்டு பூரணை விடுமுறை. அண்டைக்கும் வந்திருக்கினம்."

பார்த்தீபன் அட்டவணையை வாங்கிப் பார்த்தார். திங்கள் முதல் வெள்ளி வரை இருந்த கட்டங்களை எல்லாம் யாரோ ஒரே நாளில் நிரப்பியிருக்கிறார்கள். அவர் தாளை மூடி வைத்தார்.

"பிந்தி வந்த அந்த உறையை வாங்கிப் பாப்பமே, ஐயா? மூண்டு நிமிசம்தானே."

"இல்லைத் தம்பி. பிந்தினது பிந்தினதுதான். எல்லாருக்கும் இன்னொருக்கா அறிவிப்பம்."

இரண்டு உறைகளையும் தள்ளி, அப்படியே தீர்மானித்தோம். முடிவு நேரத்தை என்னிடம் கேட்டார்கள். ஏப்ரல் இருபத்துமூன்று, புதன்கிழமை, காலை பத்தரை என்றேன்.

"பன்னிரண்டு மணிதானே வழமை. ஏன் பத்தரை?" என்றார் பார்த்தீபன்.

"புதன்கிழமை ஒன்பதுக்கு எமகண்டம் முடியுது. பத்தரைக்குக் குளிகை துடங்குது, பிறகு பன்னிரண்டுக்கு ராகுகாலம். ஒருத்தரும் மரத்துக்குக் கீழை நிக்கத் தேவையில்லை."

யோசப்பின் ரீச்சர் சிரித்தார். "நல்ல வேளை, எங்கடை ஆக்களுக்குப் பெரிய வெள்ளி ஒண்டுதான். அது அதுக்கு முதலே போயிடும்," என்றார். கூட்ட அறிக்கையில் காரணத்தையும் எழுதினேன். மறைக்க அதில் ஒன்றும் இல்லை.

புதன்கிழமை எட்டேகாலுக்கே அவர்கள் இருவரும் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டார்கள். ஒன்பது நாலுக்கு உறை பெட்டியில் விழுந்தது. இந்த முறையும் நான்கு மூலையிலும் சந்தனம். முன்பு நகரத்தில் ஊழியர் இல்லாத அமைப்பு, இனி ஆள் எடுப்பதாக எழுதி, பத்தேகாலுக்கு முன் தன் உறையைப் போட்டது.

நேர்முகம் அடுத்த செவ்வாய். ஞானாம்பிகையின் விண்ணப்பம் கையெழுத்தில் இருந்தது. முப்பத்தொரு பிள்ளைகள், மாசி மாதம். சிவராத்திரிக் கட்டத்தில் "விடுமுறை" என்று எழுதியிருந்தார். இருபத்திரண்டு பேர் பள்ளிக்கூடம் திரும்பியிருந்தார்கள். ஒன்பது பேருக்கு நேரே "வரேல்லை" என்றும் காரணமும் இருந்தது.

"இந்த ஒன்பதையும் எழுதாமல் விட்டிருக்கலாமே?" என்றார் பார்த்தீபன். "புள்ளி குறையுமெண்டு தெரியாதோ?"

"விட்டா, ஆரைத் தேடிப் போறதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும், சேர்?"

யோசப்பின் ரீச்சர் ஒரு பெயரில் விரலை வைத்தார். "இந்தப் பிள்ளையிட்டை ஏழுதரம் போயிருக்கிறீர். ஏன் இன்னும் வரேல்லை?"

"கணக்கு விளங்கேல்லையாம், ரீச்சர். கொப்பியைத் தா, நான் சொல்லித்தாறன் எண்டு வாங்கிப் பாத்தன். எனக்கும் விளங்கேல்லை."

ரீச்சர் மேசையில் தட்டிச் சிரித்தார். ஞானாம்பிகையும் சிரித்துவிட்டு, "அதுதான் திட்டத்திலை பின்னேரத்துக்கு ஒரு கணக்கு ரீச்சர் கேட்டிருக்கிறன். மற்றச் செலவெல்லாம் குறைச்சுப்போட்டன்," என்றார்.

"திட்டம் கிடைக்காட்டி?"

"குவைத்துக்குப் போறன். பதினாறாந் திகதிக்குள்ளை ஏஜென்சிக்குச் சொல்லவேணும். பிள்ளையளுக்கு இன்னும் சொல்லேல்லை."

அதுவரை வாய் திறக்காமல் இருந்த பரமலிங்கம், "ஒண்டு கேக்கலாமோ, சேர்?" என்றார். "புதன்கிழமை பத்தரை ஆர் வைச்சது? நல்ல நேரம்."

நான் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். பார்த்தீபன் என்னைப் பார்த்தார்.

மூவரும் ஒரே அமைப்பைச் சிபாரிசு செய்தோம். எந்த அமைப்பென்று அப்போது வெளியே சொல்ல முடியாது. மேலிடத்துக் கையொப்பம் வேண்டும். கையொப்பம் வைக்கவேண்டியவர் தேர்தல் கடமைக்குப் போயிருந்தார். தேர்தல் முடிந்ததும் வெசாக் பண்டிகை விடுமுறை வந்தது. நான் மூன்று முறை கந்தோருக்குப் போய், எதையும் அவசரப்படுத்தாமல், கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். மே பதினான்காம் திகதி பின்னேரம் கடிதம் பதிவுத் தபாலில் போனது. பற்றுச்சீட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டேன். அன்று இரவு நன்றாக நித்திரை வந்தது. அடுத்த நாள் அது போய்ச் சேரவில்லை என்று தெரிந்தபோது அந்த நிம்மதி போய்விட்டது.

அதற்கடுத்த நாள் காலை பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க என் கைத்தொலைபேசி அடித்தது.

"ஐயா, ஞானாம்பிகை. தபால்காரன் இப்பத்தான் வந்திட்டுப் போறான். பத்து ஐம்பதுக்கு."

"கடிதமோ?"

"ஓம். ஆனா பரமலிங்கம் அண்ணை திறக்கவேண்டாமாம். வெள்ளிக்கிழமையாம், ராகுகாலமாம். பன்னிரண்டுக்குப் பிறகுதானாம்."

"நீர் என்ன செய்தனீர்?"

பின்னால், பள்ளிக்கூடம் போகாத ஒரு பிள்ளை போலும், வாய்ப்பாடு சொல்லும் குரல் கேட்டது.

"அவர் கிணத்தடிக்குப் போன நேரம் திறந்து வாசிச்சுப்போட்டன், ஐயா. திட்டம் எங்களுக்குத்தான். திருப்பி ஒட்டி வைச்சிருக்கிறன். பன்னிரண்டுக்கு அவர் திறக்கட்டும். நான் இப்ப ஏஜென்சிக்குப் போய்ப் பாஸ்போட்டைத் திருப்பி வாங்கப்போறன்."

"ராகுகாலத்திலை போறீரோ?"

"போகாட்டி அவங்கள் சாப்பாட்டுக்குப் பூட்டிப்போடுவாங்கள்."

அவர் தொலைபேசியை வைத்த பிறகு குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். நேர்முகத்துக்குக் கீழே ஒரு வரி வெறுமையாக விட்டிருந்தேன். நேரத்தை விட்டுவிட்டு அதில் எழுதினேன்:

கடிதம் கிடைத்தது – 16.05.2025, வெள்ளிக்கிழமை.